கால் மணி நேரப் பிழை

1829 மார்ச் 20ஆம் திகதி சந்திர கிரகணம். அது வரும் என்பதில் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் ஐயமில்லை. அராலியில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்த விசுவநாத சாஸ்திரியார் அதைத் தம் பஞ்சாங்கத்தில் குறித்திருந்தார். பக்கத்து ஊரான வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷன் நடத்திய செமினரியின் தலைவர் டானியல் பூர் பாதிரியாரும் ஐரோப்பிய முறைப்படி கணித்து வைத்திருந்தார். நாளில் இருவரும் ஒத்துப்போனார்கள். எப்போது பிடிக்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், நிலவில் எவ்வளவு மறையும் என்ற மூன்றிலும் முரண்பட்டார்கள். பிடிக்கும் நேரத்தில் மட்டும் ஏறத்தாழக் கால் மணி நேர வித்தியாசம்.

பூர் சொன்னபடியே நடந்தது.

யாழ்ப்பாணக் கிறிஸ்தவ வரலாற்றில் இந்த இரவு ஒரு வெற்றியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. சைவத்தின் அடித்தளமே ஆட்டங்கண்டது என்ற தொனி அந்தச் சொல்லலில் உண்டு. கால் மணி நேரம் பிசகியதால் ஒரு சமயம் எப்படி ஆட்டங்காணும்? அந்தக் கேள்வியை அன்று இரு தரப்பிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காமல் விட்டதற்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். பூர் 1789இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் ஊரில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். 1816இல் இலங்கை வந்து தெல்லிப்பளையில் தங்கினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் என்று அங்கே கற்பித்த பாடங்களின் தரத்தைப் பின்னாளில் பார்த்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்கது என்று 1850இல் எழுதினார். வெறும் உபசாரப் பேச்சு என்று அதைத் தள்ள முடியாது. அந்தச் செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள்.

சாஸ்திரியாரும் சாதாரணமானவர் அல்லர். வண்ணைக் குறவஞ்சி அவர் பாடியது. அவருடைய கணிப்பை வைத்துத்தான் ஊர்ச் சனம் கலியாணத்துக்கு நாள் வைத்தது, விதைப்புக்கு நாள் பார்த்தது, பிள்ளைக்குக் குறிப்பு எழுதியது. கிரகணம் என்றால் பிடிக்கும் வேளையில் தோய வேண்டும். சமைத்த சாப்பாட்டில் தர்ப்பை போட வேண்டும். பிள்ளைத்தாச்சி வெளியே தலைகாட்டக் கூடாது. இவற்றுக்கெல்லாம் நாழிகைக் கணக்கே போதும். ஒரு நாழிகை 24 நிமிடம். கால் மணி நேரம் என்பது அரை நாழிகைக்குச் சற்றுக் கூட. கீரிமலைத் தீர்த்தத்தில் இறங்கி நிற்பவருக்கு அது பெரிய விஷயமே அல்ல. மணிக்கூட்டைக் கையில் வைத்திருந்த பாதிரியாருக்கோ அதுதான் முழு விஷயமும்.

பூரின் கணக்கு மேலானது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பூமியின் நிழல் விளிம்பு தெளிவற்றது. வெறுங்கண்ணால் பார்க்கிற இருவர் ஒன்றிரண்டு நிமிடம் மாறிச் சொல்லலாம். கால் மணி நேரம் அப்படி மாறாது. பிழை உண்மையான பிழைதான். சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது.

மிஷனரிகளின் வாதம் ஓர் ஏணி போல ஏறியது. பஞ்சாங்கம் பிழை, ஆகவே சாஸ்திரியாரின் சோதிடக் கணிதம் பிழை, ஆகவே புராணம் பிழை, ஆகவே சைவம் பிழை. யாழ்ப்பாணக் கோயில்களில் ஆண்டுதோறும் கந்தபுராணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் ஆழ வேரூன்றியிருந்தது. அதில் வரும் அண்டகோசப் படலம் மேருமலையையும் ஏழு கடல்களையும் விரித்துரைப்பது. கிரகணத்தில் தோற்றவர் மேருவிலும் தோற்றவர் என்று காட்டிவிட்டால் புராணபடனத்துக்கே மதிப்பில்லாமல் போகும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். நான்கு படிகளில் முதலாவது மட்டுமே வானத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியது. மற்ற மூன்றும் பார்த்தவர் மனத்துக்குள் ஏறியவை.

மனித மனம் இப்படி ஏறுவதை உளவியலாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். 1920இல் அமெரிக்கரான எட்வர்ட் தோர்ண்டைக், படை அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். ஒருவரை உடல்வாகில் உயர்த்தியவர்கள் அவரை அறிவிலும் தலைமையிலும் ஒழுக்கத்திலும் சேர்த்து உயர்த்தியிருந்தார்கள். ஒரு குணத்தின் ஒளி மற்றவற்றின் மேலும் விழுகிறது என்பதால் அதை ஒளிவட்ட விளைவு என்றார். தொலைவில் உள்ள நிழலை நிமிடம் பிசகாமல் சொல்கிறவர் மோட்சத்தைப் பற்றியும் சரியாகத்தான் சொல்வார் என்று நினைப்பது அந்த வகையைச் சேர்ந்தது.

ஆனால் இந்த ஏணியைப் பூர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரவில்லை. அது இங்கேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஊர் சொல்லிவந்த நியாயம் இதுதான்: சாத்திரியார் குறித்த நாளில் கிரகணம் வருகிறது, ஆகவே சாத்திரம் பொய்க்காது, ஆகவே அவர் சொல்லும் முகூர்த்தமும் தோஷமும் பலனும் பொய்க்காது. கிரகணம் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி. அந்தச் சாட்சியின் பேரில் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ கடன்கள் வாங்கப்பட்டிருந்தன. பூர் செய்ததெல்லாம் அதே ஏணியில் ஏறி எதிர்த்திசையில் இறங்கியதுதான். அதனால்தான் அந்தப் பாய்ச்சல் பாதிரியாருக்கும் வினோதமாகப் படவில்லை, ஊராருக்கும் படவில்லை.

சாஸ்திரியாரின் கணக்குக்கும் மேருமலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 499இல் ஆரியபட்டர் சந்திர கிரகணம் பூமியின் நிழலால் வருவதென்று எழுதிவிட்டார். சூரிய சித்தாந்தமும் அதையே சொல்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கிய வாக்கிய முறையில், சந்திரனின் நிலையை 248 நாட்களுக்கு 248 சிறு வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் பாகையும் கலையும் கிடைத்துவிடும். சந்திரன் பூமிக்கு அண்மையில் வந்து விலகி மறுபடி வரும் சுற்று 9 முறை முடிய ஏறத்தாழ 248 நாட்கள் ஆகும் என்பதே அதன் சூட்சுமம். இந்தக் கணக்கின் எந்த வரியிலும் இராகு என்ற பாம்பு வாய் திறப்பதில்லை.

ஆயினும் அதைக் கணித்தவரே மாலையில் கோயிலுக்குப் போய், இராகு நிலவை விழுங்கும் கதையைப் பக்தியோடு கேட்பார். இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையின்றி இருந்தன. இதுவும் பழைய வழக்கம்தான். 628இல் பிரம்மகுப்தர் நிழற்கணக்கை அப்பழுக்கில்லாமல் செய்துவிட்டு, இராகுவை மறுப்பவர்கள் வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் புறம்பானவர்கள் என்று கண்டித்தார். நான்கு நூற்றாண்டு கழித்து அதைப் படித்த அறிஞர் அல்பிரூனிக்கு வியப்புத் தாங்கவில்லை. இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படி எழுதினார் என்று கேட்டு, தம் இனத்தாரின் பகைக்கு அஞ்சியே எழுதியிருக்க வேண்டும் என்று அவரே ஒரு காரணமும் ஊகித்தார்.

இனி ஒரு கணக்கு. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து ஒரு கணித மரபை எடைபோட முடியுமா? புதுச்சேரியில் நடந்த இரண்டு சோதனைகள் இதற்கு நல்ல விடை தருகின்றன.

சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து வந்த லெ ஜாந்தீ, 1768 தொடங்கிப் புதுச்சேரியில் தங்கியிருந்தார். 1769 ஜூனில் மேகம் மறைத்துவிட்டது. பாவம், அவர் பார்க்க வந்ததைப் பார்க்கவே இல்லை. தங்கிய காலத்தில் தமிழ்க் கணிதர்களின் முறையைக் கற்றுக்கொண்டார். சோழிகளை நகர்த்தியபடி, மனப்பாட வாய்பாடுகளை வைத்து, முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார்கள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீடிப்பு அந்தக் கணக்கில் 41 விநாடி குறைந்திருந்தது. அந்நாளில் ஐரோப்பாவின் மிகச் சிறந்ததெனப் பேர்பெற்ற டோபியாஸ் மயரின் அட்டவணையோ 68 விநாடி கூடியிருந்தது. சோழி வென்றது.

அறுபது ஆண்டு கழித்து, சென்னை அரசின் கீழ்ப் பணியாற்றிய ஜான் வாரன் காலசங்கலிதம் என்னும் நூலுக்காக அதே புதுச்சேரியில் வேறொரு தமிழ்க் கணிதரைச் சந்தித்தார். அவரும் தரையில் சோழி பரப்பி, எழுத்தே இல்லாமல், 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

முறை ஒன்றுதான். ஊரும் ஒன்றுதான். 1765ஐ எடுத்துக்கொள்பவர் தமிழ்க் கணிதம் ஐரோப்பாவை மிஞ்சியது என்பார். 1825ஐ எடுத்துக்கொள்பவர் அது உதவாக்கரை என்பார். இரண்டு சாராரும் ஆதாரம் காட்டுவார்கள், இருவரின் ஆதாரமும் மெய்யாகவே இருக்கும். சிறு எண்ணிக்கையைக் கொண்டு பெரிய முடிவு கட்டும் இந்தப் பழக்கத்தை ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டானியல் கானமனும் 1971இல் ஆராய்ந்தபோது, புள்ளியியல் கற்ற ஆய்வாளர்களே அதில் சறுக்குவதைக் கண்டார்கள். வட்டுக்கோட்டைக்குக் கிடைத்தது ஒரு கிரகணம். அதுவும் பூர் தேர்ந்தெடுத்த கிரகணம். எங்கே பிழை இருக்கிறது என்று முன்கூட்டியே கணித்துப் பார்த்துவிட்டுத்தான் அதை அவர் சந்திக்கு இழுத்தார்.

அதே காலத்தில் பூரின் சொந்த நாட்டிலும் ஒரு கணிப்பு நடந்துகொண்டிருந்தது. மாசசூசெட்ஸில் பிறந்து நியூயோர்க் மாநிலத்தில் கமம் செய்த வில்லியம் மில்லர், வேதாகமத்தின் தானியேல் நூலிலுள்ள எண்களைக் கூட்டிக் கழித்து, கிறிஸ்து 1843 மார்ச்சுக்கும் 1844 மார்ச்சுக்கும் இடையில் திரும்பி வருவார் என்றார். வரவில்லை. கணக்கு திருத்தப்பட்டு 1844 அக்டோபர் 22 என்று நாள் குறிக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். அன்றும் வரவில்லை. அடுத்த நாளே பலர் விலகினார்கள். மிச்சமிருந்தோரில் ஒரு சாரார், நாள் சரிதான், நிகழ்ச்சி பூமியில் அல்லாமல் பரலோகத்தில் நடந்தது என்று பொருள் கொண்டார்கள். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1956இல் வெளியிட்ட ஆய்வில், பொய்த்த கணிப்பு எப்படிச் சிலரின் நம்பிக்கையை இன்னும் இறுக்குகிறது என்பதற்கு மில்லரின் கதையையும் எடுத்துக்கொண்டார். பஞ்சாங்கக்காரரின் கால் மணி நேரத்தை எடைபோட்ட தராசை எந்த மிஷனரியும் மில்லரின் பக்கம் திருப்பி, ஆகவே தானியேல் நூலும் பிழை என்று சொல்லத் துணியவில்லை. சொல்லியிருக்கவும் வேண்டியதில்லை, மனிதன் போட்ட கணக்கு வேறு, வேதம் வேறு என்று அவர்கள் நியாயமாகவே பிரித்திருப்பார்கள். அந்தப் பிரிவினையை அராலிக்கும் கொடுத்திருக்கலாம்.

அந்த நியாயத்துக்கு ஓரளவு நெருங்கியவர் பூருக்குப் பின் 1836இல் செமினரிக்குத் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன். இந்து வானியலை மறுப்பதற்காகவே படிக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் உட்கார்ந்து படித்தார். 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அந்த வானியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்டார். பிறகு சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலமாக்கினார். எதிரியின் நூலை இவ்வளவு பொறுமையாகப் புரட்டுகிறவர்கள் எந்தத் தரப்பிலும் குறைவு.

தம் கருத்துக்கு எதிரானதைத் தேடத் தயங்கும் இந்தப் போக்கை, உளவியலாளர் பீற்றர் வாசன் 1960இல் லண்டனில் செய்த ஒரு சோதனை நன்றாகக் காட்டும். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்கு அடங்குபவை, வேறு எண்களைச் சொல்லிச் சோதித்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் 8, 10, 12 என்பது போலத் தம் ஊகத்துக்குப் பொருந்தும் எண்களையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆம் ஆம் என்று பதில் வர, இரண்டிரண்டாகக் கூடும் விதி என்று அறிவித்தார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. தம் ஊகத்தை உடைக்கக்கூடிய 1, 2, 3ஐச் சொல்லிப் பார்க்கத் தோன்றியவர்கள் சிலரே. சாஸ்திரியார் சரியாகச் சொன்ன கிரகணங்களை ஊர் நினைவில் வைத்தது, பிழைத்ததைப் பாதிரியார் நினைவில் வைத்தார்.

செமினரி மாணவர்கள் இந்த இழுபறியில் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் வானியலை எடுத்துக்கொண்டார்கள், ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டார்கள், அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். நான்கு படி ஏணியில் முதல் படியோடு நின்றுவிட்டவர்கள் என்று சொல்லலாம். ஞானஸ்நானம் பெற்றவர்களிலும் பலர் திரும்பினார்கள். சைவ அறிஞர் ஆறுமுக நாவலரை எதிர்த்துச் சுப்பிரதீபம் எழுதிய கறோல் விசுவநாதபிள்ளையே பின்னாளில் சைவத்துக்கு மீண்டார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தாமோதரம்பிள்ளை சைவராகி, கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். மதமாற்றத்துக்காகத் திறந்த கல்விக்கூடம் ஆங்கில உத்தியோகக்காரரைத்தான் உருவாக்குகிறது என்று மிஷனின் தலைமையகம் இருந்த பாஸ்டனிலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் குழு முடிவுகட்ட, 1855இல் செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு பூர் இறந்தார். செமினரி நின்ற இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

சைவத் தரப்பின் வலுவான பதில் வானியலில் வரவில்லை. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்தில் துணைநின்ற ஆறுமுக நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். நீங்கள் எங்களிடம் பழிக்கும் தீட்டு, பலி, தீபம், தூபம், ஆலய விதி எல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கின்றன என்று அதிகாரமும் வசனமும் குறித்துக் காட்டினார். மற்றவரிடம் உடனே தெரிகிற கோணல் தம்மிடம் தெரியாமல் போவதை 2002இல் எமிலி புரோனினும் உடன் ஆய்ந்தோரும் சோதனைகளால் காட்டி அதற்கொரு பெயரும் வைத்தார்கள். நாவலருக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. எதிரியின் நூலை எதிரியைவிட நன்றாகப் படித்திருந்தார், அவ்வளவுதான். அதே கண்ணாடியைத் தம் பக்கத்துப் புராணங்களின் மேல் அவர் அந்த அளவுக்குத் திருப்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1871 டிசம்பர் 12இல் வானம் யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு கிரகணம் தந்தது. முழுச் சூரிய கிரகணம். அதன் நிழற்பாதை தென்னிந்தியாவைக் கடந்து குடாநாட்டின் மேல் விழுந்தது. பிரித்தானிய வானியலாளர் நோர்மன் லொக்கியரின் பயணக்குழு இந்தியாவில் நிலைகொள்ள, யாழ்ப்பாணத்திலும் ஓர் அவதானிப்புக் குழு கருவிகளோடு நின்றது. சூரியனின் வெளிவட்டத்தைப் பற்றி அறிவதே அவர்கள் நோக்கம். எந்தச் சமயம் மெய் என்று அந்தக் கிரகணத்திடம் யாரும் கேட்கவில்லை. 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் வளையக் கிரகணங்கள் யாழ்ப்பாணத்தைக் கடந்தன. 2019இல் தமிழகத்துக் கிராமங்களில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிமிர்த்தி வைத்து, கிரகணம் பிடித்திருக்கும் வரைதான் அது நிற்கும் என்று படம் பிடித்துப் பரப்பினார்கள். அடிப்பக்கம் சமமாக இருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும். கிரகணம் இல்லாத செவ்வாய்க்கிழமையில் நிறுத்திப் பார்ப்பது வாசனின் 1, 2, 3ஐச் சொல்வதற்குச் சமம். அதைப் படம் பிடிக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

குடாநாட்டில் இன்று இரண்டு பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. ஒன்று பழைய வாய்பாட்டைப் பின்பற்றும் வாக்கியம். மற்றது நவீன வானியல் அளவைகளைச் சேர்த்துக்கொண்ட திருக்கணிதம். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தைப் பத்திரிகைகள் இரண்டின்படியும் தனித்தனியே அச்சிடுகின்றன. பூர் சுட்டிய பிழைக்கு மருந்து ஒருவகையில் திருக்கணிதத்தில் கிடைத்துவிட்டது: அதில் கிரகண நேரம் வானத்தோடு பொருந்தும். ஆனால் அதே புத்தகத்தின் வேறு பக்கங்களில் செவ்வாய் தோஷமும் இராகு காலமும் இராசி பலனும் முன்போலவே இருக்கின்றன. நிமிடத் திருத்தம் அவற்றுக்கும் ஒரு புது மதிப்பைச் சேர்த்திருக்கிறது. துல்லியமான பஞ்சாங்கம் என்று விற்பவர் கிரகணப் பக்கத்தைக் காட்டுகிறார், வாங்குகிறவர் பலன் பக்கத்தைப் புரட்டுகிறார். இந்த ஆண்டு எத்தனை மரக்கால் மழை, எந்தத் தானியம் விலை ஏறும் என்று தொடக்கப் பக்கங்களில் அச்சிட்டிருப்பதைப் பங்குனி கடைசியில் எடுத்து, பெய்த மழையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வீடு அபூர்வம். அதற்குள் புதுப் பஞ்சாங்கம் கடைக்கு வந்துவிடும்.